கோழி வண்டியில் எஸ்தரை ஏற்றாதே

அன்பு மகனே,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கத்தான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைக்கு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. பயம்தான். பயத்துக்குக் கஷாயம் போட்டுக் குடிக்க முடியுமானால் இந்நேரம் ஒரு குடம் குடித்திருப்பேன்.

இதை உன் கையில் கொடுக்கிறவர் உன் அப்பா. தபாலில் போட்டிருந்தால் நீ படித்துவிட்டு, அம்மாவுக்கு எப்போதும் இதே பாட்டுத்தான் என்று மடித்து வைத்துவிடுவாய். அதனால்தான் அவரே வருகிறார். மருமகள் எஸ்தரை ரயிலில் இங்கே கல்லிடைக்குறிச்சிக்குக் கூட்டிவர வந்திருக்கிறார். ஏன் என்று அவரிடம் கேட்காதே. அவரால் வாயால் சொல்ல முடியாது. அதற்காகத்தான் நான் எழுதுகிறேன். அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, நீ தனியாக ஒரு இடத்தில் இருந்து இதைக் கடைசிவரை படி. பாதியில் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

பாபநாசத்தில் மலையடிவாரத்தில் வீடும் தோட்டமும் குத்தகைக்குக் கிடைத்தது, ஆலைத் துரைமார் வீடுகளுக்கு முட்டையும் கோழியும் கொடுக்க ஏற்பாடு ஆகிவிட்டது என்று நீ எழுதியதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். கொழும்பில் ஏழு வருஷம் கண்டவர் சமையலறையிலும் நின்ற பிள்ளை சொந்தக் காலில் நிற்கிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷம் இருக்காது? பங்குனி முடிவதற்குள் கோழிகள் எல்லாவற்றையும் மூன்று வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து புறப்படுவதாக எழுதியிருந்தாய். அதுவரைக்கும் சரி. அதற்குக் கீழே, கோழிகள் எஸ்தர் குரலுக்குத்தான் அடங்கும், ஆகையால் அவளை முன்வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். எஸ்தருக்கு இது ஏழாம் மாதம். அந்த வரியை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் பயம் புதிதில்லை. அதை வைத்துத்தான் நீங்கள் எல்லோரும் என்னைக் கேலி செய்வீர்கள். மலையடிவாரம் என்றதும் மலைக்காய்ச்சல், சிறுத்தை, முட்டைக்கு வருகிற பாம்பு, கூரையைப் பிரித்து இறங்குகிற மரநாய் எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. அந்தப் பயங்களை நானே சமாளித்துக்கொள்வேன். அவற்றுக்கு வழி உண்டு. கோழிக்கூட்டுத் தரையில் கல் பாவு. பழைய கூட்டில் கோழிகள் ஏறி உறங்கிய கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புதுக் கூட்டில் வை, கால் பழகிய கம்பு இருந்தால் அவை சீக்கிரம் அடங்கும். ஒரு வாரத்துக்கு வெளியே விடாதே, விட்டால் திசை தெரியாமல் காட்டுக்குள் போய்விடும். முட்டை நின்றுபோகும், அதைக் கண்டு பதறாதே, இடம் மாறிய கோழி கொஞ்ச நாள் முட்டையிடாது. புது ஊர்ச் சபையார் பார்க்க வரும்போது ஆளுக்கொரு கோழி கொண்டுவருவார்கள். முகம் கோணாமல் வாங்கிக்கொள், ஆனால் உன் கோழிகளோடு சேர்க்காமல் தனியாக அடைத்து வை, எந்தக் கோழியில் என்ன சீக்கு இருக்கிறதோ. இவ்வளவும் தெரிந்த எனக்கு ஏழு மாதக் கர்ப்பிணியைக் கோழி வண்டியில் ஏற்றுவதற்கு மட்டும் ஒரு வழியும் தெரியவில்லை. வழி இல்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

நீ கொழும்புக்குப் போன மறுவருஷம் நாங்கள் பழைய ஊரை விட்டு வந்தோம். வயல்காரர்கள் நாற்றங்காலில் விதைத்த நெல்லை நம் கோழிகள் கிளறித் தின்றுவிட்டன. ஒரு வருஷம் பொறுத்தார்கள், இரண்டாம் வருஷமும் பொறுத்தார்கள். மூன்றாம் வருஷம் ஊர் கூடி, கோழியை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஊரை விட்டுப் போய்விடு என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அப்பாவுக்குக் கோழியை விட மனமில்லை. பாளையங்கோட்டைத் துரைமார் பங்களாக்களுக்கெல்லாம் நம் வீட்டுக் கோழிதானே. கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே, வயல் எட்டாத மேட்டில், இந்த இடம் கிடைத்தது. அப்போது உன் அக்கா ஞானம் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் ஏழு மாதம். மாமியார் இல்லாத வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ரயில் அப்போது இல்லை. பாதைக்கு மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிதான் ஒரே வழி.

கோழியை வண்டியில் கொண்டுபோகிற முறை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். மூங்கில் கூடைகளில் அடைத்து, வலை கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவோம். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்வரை கூடைகளுக்குள் காற்று புகுந்து போய்வரும், கோழிகள் பிழைத்துக் கிடக்கும். வெயிலில் வண்டி நின்றதோ, போச்சு. அடிக்கூடைக் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் போதும். ஆகவே கோழி வண்டிக்காரன் விடிவதற்கு முன் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் தண்ணீரும் நிழலும் உள்ள இடத்துக்குப் போய்ச் சேருவான். நடுவில் எதற்காகவும் நிறுத்த மாட்டான். நாங்களும் அப்படித்தான் பேசிவைத்தோம். விடிவெள்ளி முளைக்கும்போது புறப்பட்டுச் சேரன்மகாதேவி ஆற்றங்கரை மருதமரத்தடியில் கூடைகளை இறக்கி, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி ஏற்றுவது என்று.

புறப்பட முடிந்ததா? வழியனுப்பு ஜெபம் செய்யாமல் நம் சபையில் யாரும் ஊரைவிட்டுப் போனதில்லை. மாடு பூட்டியாயிற்று, கூடைகள் ஏற்றியாயிற்று. உபதேசியார் வந்து நின்றார். சிறு ஜெபம்தான் என்றார். அவர் முடித்ததும் மூத்தவர் ஒருவர் தொடங்கினார். அவர் செய்தபிறகு அடுத்த வீட்டுக்காரர் செய்யாமல் விட்டால் அவருக்கு மனக்குறை. வீட்டுக்கு ஒருவர் ஜெபித்தார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். நாற்றங்கால் பறிகொடுத்தவரும் வந்து, எங்களை மன்னித்ததாக ஆண்டவரிடம் நீளமாகச் சொன்னார். அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நின்றார். எங்களுக்காக மன்றாடுகிறவர்களிடம் போதும் நிறுத்துங்கள் என்று யார் சொல்லுவார்கள்? நம் ஆட்களுக்கு அது வராது. வண்டி நகர்ந்தபோது பனைமர நிழல்கள் குட்டையாகிவிட்டன. ஜெபத்தைக் குறைசொல்கிறேனே, இது பாவமோ என்று இத்தனை வருஷமும் பயந்து இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ்தரை நினைத்தால் அந்தப் பயம் சின்னதாகிவிடுகிறது.

ஞானம் முன்வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் இருந்தாள். அதுதான் வசதியான இடம் என்று நாங்கள்தான் ஏற்றினோம். நான் பின்வண்டியில் பாத்திரங்களோடும் மீதிக் கூடைகளோடும் இருந்தேன். அப்பா முன்வண்டியை ஒட்டி நடந்துகொண்டே கூடைகளுக்குத் தண்ணீர் தெளித்துவந்தார். சேரன்மகாதேவிக்கு முன்னால் உள்ள பொட்டல் உனக்குத் தெரியுமே, அங்கங்கே நிற்கிற உடைமரத்து நிழல் ஒரு ஆட்டுக்குட்டிக்குக் காணாது. அந்தப் பொட்டலில்தான் ஞானத்துக்கு நோவு கண்டது. வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்துப்போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"யப்பா, கொஞ்சம் நிறுத்துங்கப்பா. இடுப்பு விட்டுப்போவுது" என்றாள்.

"நிறுத்துனா அம்புட்டும் செத்துரும்ளா. பொறுத்துக்கோ. அந்தா மருதமரம் தெரியுது பாரு, அங்கன போயி எறங்கிக்கிடலாம்" என்றார் அப்பா.

வண்டிக்காரர் சுடலை திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, பிள்ள மொகம் சரியில்ல. மாட்டப் பிடிக்கவா?"

"ஓட்டும் வே. இங்கன நின்னா ஒண்ணு மிஞ்சாது. பைய ஓட்டும், ஆனா நிக்காதயும்."

நான் நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன். இரண்டு வண்டிக் கோழிகளும் கத்துகிற கத்தலில் என் சத்தமும் ஒரு கோழிச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும். அப்பா கொடூரமானவர் இல்லை, மகனே. அதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். ஞானத்தை மடியிலேயே வைத்து வளர்த்தவர். அன்றைக்கும் தன் தலைத்துண்டை நனைத்து அவள் தலையில் போட்டுவிட்டு வெறுந்தலையோடு நடந்தார். மகளுக்கு வண்டி ஆட்டத்தில் வந்த சாதாரண வலி, நிழலுக்குப் போனால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார். கோழிகள் செத்தால் புது ஊரில் எதை வைத்துப் பிழைப்பது என்றும் நினைத்தார். மனிதனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றத்தான் செய்யும். எனக்குப் பயமே அதுதான். கெட்டவனாக இருந்தால்தான் இப்படி நடக்கும் என்றால் உன்னைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்காது.

மருதமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நின்றதும் ஆண்கள் ஓடி ஓடிக் கூடைகளை இறக்கி நிழலில் பரப்பினார்கள். பழக்கம், கை தானாக அதைத்தான் செய்கிறது. ஞானத்தை நானும், ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் தாங்கி இறக்கினோம். சேலையை மறைப்பாகக் கட்டினோம். ஆண் பிள்ளை. ஒரு தடவை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அந்தப் பெண் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாங்கித் துணியில் சுற்றினேன். பொட்டலிலேயே நிறுத்திப் படுக்கவைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருக்க மாட்டான் என்றும் யாரும் எனக்குச் சொல்ல முடியாது. குறைமாதப் பிள்ளை, தங்கவில்லை என்று மட்டும்தான் உனக்குக் கொழும்புக்கு எழுதினோம்.

கூடைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரு கோழி சாகவில்லை. மகனே, ஒன்றாவது செத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது. இது என்ன புத்தி என்று எனக்கே விளங்கவில்லை. கல்லிடைக்குறிச்சிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்களை அறியாத புது உபதேசியார், நீண்ட பயணத்தில் ஒரு கோழிகூடச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்த கிருபைக்காக ஸ்தோத்திரம் என்று சபைமுன் ஜெபித்தார். யாரோ நல்லெண்ணத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா நடுஜெபத்தில் எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு கோவிலில் அவர் இருக்கிற இடம் கதவுக்குப் பக்கத்துக் கடைசி வரிசைதான். நீ ஊருக்கு வரும்போதெல்லாம், ஏம்ப்பா அங்க போயி இருக்கிய என்று கேட்பாய். அதற்குப் பிறகு ஞானத்தின் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. முட்டை மட்டும் தின்பதில்லை.

இப்போது நீ எழுதியிருப்பதை நீயே பார். பங்குனி வெயில். அதே சாலை. ஏழு மாதம். புறப்படுகிற அன்று காலையில் பாளையங்கோட்டைக் கோவில் வாசலில் வழியனுப்பு ஜெபம் என்றும் எழுதியிருக்கிறாய். உன் சபை எங்கள் சபையைவிடப் பெரியது. எத்தனை பேர் ஜெபிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாயா? ஜெபத்தை முந்தின நாள் சாயங்காலமே வைத்துவிடு. மனக்குறைப்படுகிறவர்கள் படட்டும், என்மேல் பழியைப் போடு. ரயில் ஆட்டம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சம்பந்தியம்மா சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்களிடம் என் வணக்கத்தைச் சொல்லி, மாட்டுவண்டி ஆட்டம் மட்டும் ஆகுமா என்று நான் கேட்டதாகக் கேள். மரியாதையாகவே கேள், ஆனால் கேள்.

எஸ்தர் குரல் இல்லாவிட்டால் கோழிகள் அடங்காது என்கிறாய். அடங்க வேண்டாம். கத்தட்டும். பாபநாசம் போகிறவரை கத்தினால் தொண்டைதான் வற்றும். நாலு செத்தாலும், நானூறு செத்தாலும், கோழிதானே, அடைவைத்தால் பொரிக்கும். இதைச் சொல்லுகிற நான் கோழியால்தான் உங்கள் எல்லோரையும் வளர்த்தேன், அதன் அருமை தெரியாமல் சொல்லவில்லை. எஸ்தரும் வாய் திறந்து மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். அவள் அப்படிப்பட்ட பெண். கூடையோடு கூடையாக உட்காரச் சொன்னாலும் உட்காருவாள். சொல்லத் தெரியாதவளுக்காக நீ சொல்ல வேண்டும். நோவு எடுத்தால்கூட, இவருக்குத் தொந்தரவாகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள். பிரசவம் வரை அவள் இங்கே இருக்கட்டும். ஞானமும் இங்கேதான் இருக்கிறாளே, அவள்தான் எஸ்தருக்குத் தன் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். "தம்பி சம்மதிப்பானாம்மா?" என்று என்னிடம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குத் தோட்டத்துப் பக்கம் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். "நான் போயிக் கூட்டிட்டு வாறேன்" என்றார். அவ்வளவுதான். பத்து வருஷமாக நம் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிறது, ஒருநாளும் ஏறாத மனிதர். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். டிக்கெட் விவரம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டேஷனில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையன் இன்றைக்குக் காலையில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். வண்டி எத்தனை மணிக்கு என்றுகூட அவர் கேட்கவில்லையாம். "தம்பி, நடுவழியில பிள்ளைக்கு நோவு கண்டா இந்த ரயில எப்படி நிறுத்தணும்?" என்று கேட்டாராம். அங்கிருந்த ஒருவர் விளையாட்டாக, சன்னல் வழியாகச் சிவப்புத் துணியைக் காட்டும், நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என் பழைய சிவப்புச் சேலையின் தலைப்பைக் கிழித்துத் தரச் சொன்னார். எதற்கு என்று தெரியாமலே கிழித்துக் கொடுத்தேன். அது இப்போது அவர் மடியில் இருக்கிறது. நீ அதைப் பார்த்தால் சிரித்துவிடாதே.

உன் அம்மா